பாதி வழியில் என் வீடு

மேலூரில் அம்மன்
இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருந்தாள்.
தீபாராதனைத் தட்டை நீட்டிய குருக்களுக்கும் கொட்டாவி.
நான் மட்டும் தெளிவாகச் சொன்னேன்
பத்திரம் எழுதிக் கொடுப்பவள் போல,
பெயர், வயது, தெரு, கதவு எண்ணோடு.
ஏகாம்பரம். நாற்பத்தாறு.
நெஞ்சுப் படத்தில் வலப்பக்கம் ஒரு நிழல்.
அதை எடுத்துவிடு.

பௌர்ணமிக்கு மூன்று அம்மன்.
விடிந்ததும் மேலூர், உச்சிக்குத் திருவொற்றியூர்,
விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திருமுல்லைவாயல்.
எங்கள் தெருவில் வேன் வைத்துப் போவார்கள்
தலைக்கு இருநூற்றைம்பது, புளிசாதம் உட்பட.
நடந்தே வருகிறேன் என்று
ஸ்டான்லி ஆஸ்பத்திரி மாடிப்படியில்
வாயை விட்டவள் நான்.

கூட வருகிறவள் ஜான்சி.
வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிற கால்.
"எங்க மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா" என்று
என் விரல் இடுக்கெல்லாம்
தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.
"பாதியில மட்டும் உக்காராத.
உக்காந்தா கால் கணக்கு கேக்கும்."

மீஞ்சூர் விடிந்தது.
அத்திப்பட்டில் சாம்பல் குழாய் கூடவே வந்தது,
கொஞ்ச தூரம், பேச்சுத் துணைக்கு.
புகைக்கூண்டுகள் முன்னால் நின்றன,
நடக்க நடக்க முன்னாலேயே நின்றன,
திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்றன.
அங்கேதான் அவர் பதினெட்டு வருஷம்
நிலக்கரி அள்ளிய இடம்.
நான் அந்தப் பக்கம் பார்க்காமல்
ஆற்றுப் பாலத்தைக் கடந்தேன்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
எஞ்சின் கழற்றிய ரயில் மாதிரி வரிசையாக.
ஒரு லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டி
தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த பையன்
"எங்கக்கா இவ்ளோ வெயில்ல?" என்றான்.
கோயிலுக்கு.
"பஸ் வர்லியா?"

தேரடியில்
தலைக்கு மேல் மெட்ரோ போனது,
உள்ளே குளிர்ந்த முகங்கள்.
கோயில் கல்தளம் தோசைக்கல்.
வரிசை நகரவில்லை.
குதிகாலில் ஒரு கொப்புளம்
உடையலாமா வேண்டாமா என்று யோசித்தது.
மூன்று அம்மனில் நடுவிலிருப்பவள் ஞானம் என்பார்கள்.
எனக்கு ஞானமெல்லாம் முழங்காலில் இறங்கி
விண் விண் என்று தெறித்தது.

திரை விலகியது.
அலங்காரம், விளக்கு, வடிவு.
கைகூப்பினேன்.
வாய் தானாகத் திறந்து சொன்னது:
"கொஞ்சம் நிழல் குடு தாயே."

வெளியே வந்து செருப்பு டோக்கனை நீட்டும்போதுதான்
என் காதில் விழுந்தது நான் சொன்னது.

அவள் எந்த நிழல் என்று கேட்டிருப்பாளா?
அவளிடம் எத்தனை பேர், எத்தனை நிழல்.
காலையில் எடு என்றவள்
மதியம் குடு என்றால்
கொடுப்பவள் என்னதான் செய்வாள்?
திரும்பவும் வரிசையில் நிற்கலாம் என்றேன்.
வரிசை தெரு முனை வரை இருந்தது.
ஜான்சி மோர் குடித்துவிட்டுச் சொன்னாள்,
"இன்னொருத்தி இருக்காள்ல சாயங்காலம்.
அங்க போய் சரியா சொல்லு."

சாத்தாங்காடு ரோட்டுக்கு
எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

பாதி வழி என்பது இதுதான்.
என் வாசல், நான் நேற்று போட்ட கோலத்தின் மிச்சம்,
தண்ணி லாரிக்கு வரிசையில் வைத்த என் பச்சைக் குடம்.
சாவி இடுப்பில் உறுத்துகிறது.
உள்ளே பாய் இருக்கிறது, பானை இருக்கிறது.
அவர் தூங்குகிறார்.
ஜன்னலோரம் காதை வைத்தேன், இருமலா என்று.
மின்விசிறிதான், கட்டை மாற்ற வேண்டும்.

எதிர்வீட்டு சுசீலா என்னைத் தாண்டிப் போனாள்.
முகமெல்லாம் ரோட்டுப் புழுதி,
யாரோ என்று நினைத்திருப்பாள்.

கொடியில் அவருடைய நீலக் கட்டம்போட்ட லுங்கி.
அதன் நிழல் படியில் ஒரு முழம்.
கால் தானாக அதற்குள் போய் நின்றது,
சுட்ட பாதத்துக்கு இதமாக.
உட்காரவில்லை.
பிறகு சட்டென்று
சுட்டுக்கொண்டவள் போல வெளியே வந்தேன்.

"வா வா" என்றாள் ஜான்சி,
துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு.
"மணலி ரோடு பூரா
பொட்டு நிழல் கெடையாது."

நல்லது என்று நடந்தேன்.